வீட்டுப் பட்டறைக்கு ஒரு மேசை வாள்

சென்ற மாதம் பேசாலையிலுள்ள என் தமக்கையார் இல்லத்துக்குப் போயிருந்தேன். மன்னார்ப் பாலத்தைக் கடந்து தீவினுள் நுழைந்ததும் தென்கரையோரமாக வரிசைகட்டி நிற்கும் காற்றாலைகள் கண்ணிற் பட்டன. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட ‘தம்பபவனி’யின் முப்பது காற்றாடிகள் அவை. பனங்கூடலுக்கு மேலாக அவற்றின் இறக்கைகள் ஆறுதலாகச் சுழன்றுகொண்டிருந்தன. சுழலும் பொருளொன்றைப் பற்றிய வழக்கே வீட்டில் எனக்காகக் காத்திருக்கின்றதென்பதை அப்போது நான் அறியேன்.

வழக்கு இதுதான். தமக்கையின் மகன் தச்சுத் தொழில் பயின்று சான்றிதழும் பெற்றுவிட்டான். வீட்டின் பின்புறத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு தகரக் கொட்டில் அமைத்து, அதையே பட்டறையாக்கி, கதவு, யன்னல், அலுமாரி, பள்ளிப் பிள்ளைகளின் மேசை ஆகியவற்றைச் செய்துவருகின்றான். கைவாளாற் பலகை கிழித்துக் கிழித்துத் தோள்மூட்டு நோவெடுத்த பின்னர், எடுத்துச் செல்லக்கூடிய சிறிய மேசை வாள் ஒன்று வேண்டுமென்று தன் தமக்கைக்குச் சொல்லியிருக்கின்றான். ரொறன்ரோ நகரில் வாழும் அப்பெண்ணும் தம்பியின் மேலுள்ள பாசத்தால், விசாரணை எதுவுமின்றி, அங்குள்ள கடையொன்றில் நல்ல வாளாகப் பார்த்து வாங்கிவிட்டாள். கப்பலில் அனுப்பும் பெட்டி மறுவாரம் புறப்படவிருந்தது.

“மாமா, பத்தங்குல வாள்! படத்தைப் பாருங்கோ” என்று மருமகன் கைத்தொலைபேசியை நீட்டினான். என் தமக்கையோ அடுப்படியிலிருந்து வந்து, “தம்பி, எந்த வாளெண்டாலும் வரட்டும். ஆனால், பிள்ளையின்ரை பத்து விரலும் எனக்கு வேணும்” என்றார்.

அவர் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் நெருங்கிய உறவினர் ஒருவர் முன்னொரு காலத்திற் பழைய மோட்டர் ஒன்றை மரமேசையின் கீழே பூட்டி, மேலே வட்டத் தகடு மாத்திரம் தெரியும்படியாகத் தாமே ஒரு வாள் செய்துகொண்டார். மூடியும் இல்லை, வேறு காப்பும் இல்லை. ஒருநாள் முதிரைப் பலகையொன்றைக் கிழித்துக்கொண்டிருந்தபோது கண்மூடித் திறப்பதற்குள் இடக்கையின் இரு விரல்கள் போயின. அவர் பின்னர் ஒருபோதும் உளியைப் பிடிக்கவில்லை. ஆகவே என் தமக்கையின் கேள்வி வீண் அச்சத்தாற் பிறந்ததன்று. ஒரு குடும்பத்தின் உழைப்பும் ஓர் இளைஞனின் கையும் இந்தத் தெரிவிலே தங்கியுள்ளன. எங்கள் வீட்டில் இரண்டு நாள் நடந்த ஆலோசனையை இங்கே எழுதுகின்றேன். இதே கேள்வியுடன் இருக்கும் பிற இல்லங்களுக்கும் இது பயன்படலாம்.

மேசை வாள் என்பது யாது?

முற்காலத்திற் பெருமரத்தைப் பலகையாக்க இருவர் வேண்டும். குழியின் மேலே சட்டமிட்டு மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் குழியினுள்ளும் நின்று நெடுவாளை இழுப்பர். கீழே நிற்பவரின் கண்ணெல்லாம் மரத்தூள்! வட்ட வடிவான வாளுக்கு இங்கிலாந்திலே 1777இல் சாமுவேல் மில்லர் என்பவர் காப்புரிமை பெற்றார். செர்மனியில் வில்லெம் அல்தென்தோர்ப் 1906இல் நகரும் மேசையுடைய வாளை அமைத்தார். இன்று நாம் பேசும் சிறு வாள் அவற்றின் வழிவந்ததே. மேசையின் நடுவிலுள்ள பிளவொன்றினூடாக வட்டத் தகடு மேலெழுந்து சுழலும். கையில் ஏந்தும் வாளிற் கருவி மரத்தின்மேல் ஓடுகின்றது. மேசை வாளிலோ கருவி நிலைத்து நிற்க, நாம் மரத்தைத் தள்ளுகின்றோம். ஒரே அகலமான இருபது சட்டங்களை நூல் பிடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்தெடுக்க இதற்கு நிகர் வேறில்லை. மரத்தைத் தள்ளுவது நமது கை என்பதாலேயே ஆபத்தும் மிகுதியாகின்றது.

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி

“எந்த வாள் நல்லது?” என்று கேட்பதற்கு முன்னர், “நான் அரியப்போகும் மரம் எது? அதன் தடிப்பு எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். மருமகனிடம் கடந்த ஆறு மாத வேலைகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அலுமாரிக்கான ஒட்டுப்பலகை, கதவுக்கான ஒன்றரை அங்குலப் பலகை, யன்னற் சட்டம், மேசைக்கால் எனப் பட்டியல் நீண்டது. மூன்றங்குலத் தடிப்புள்ள நிலைச்சட்டம் மிகச் சில இடங்களிலேயே வந்தது. அதையும் மரக்காலையில் அளவுக்கு அரிந்து வாங்கலாமென்று அவனே ஒப்புக்கொண்டான்.

கையாற் கொண்டுசெல்லத்தக்க மேசை வாள்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று எட்டேகால் அங்குலம், அதாவது 210 மில்லிமீற்றர் விட்டமுள்ள தகடு பூட்டுவது. அது நிமிர்ந்த நிலையிற் சுமார் இரண்டரை அங்குல ஆழம் அரியும். மற்றையது பத்தங்குலத் தகடு பூட்டுவது. அது மூன்று அங்குலத்துக்குச் சற்று மேலே அரியும். தகட்டைச் சாய்த்தால் இரண்டிலும் ஆழம் குறையும். முன்னதன் எடை ஏறத்தாழ 22 கிலோகிராம்; ஓர் ஆள் தூக்கி முச்சக்கர வண்டியில் வைக்கலாம். பின்னதன் எடை தாங்குகால் இல்லாமலே 26 முதல் 35 கிலோகிராம் வரை வரும். தலைமன்னாருக்கும் எருக்கலம்பிட்டிக்கும் வேலைக்குப் போகும் ஒருவனுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

அகலமும் கவனிக்கத்தக்கது. ஒட்டுப்பலகை எட்டடிக்கு நான்கடி அளவில் வருகின்றது. அதை நெடுக்காக இரு கூறாக்கத் தகட்டுக்கும் வழிச்சட்டத்துக்கும் இடையே 24 அங்குல இடைவெளி வேண்டும். சிறிய வாள்களிலும் சிலவற்றின் சட்டம் 24½ அங்குலம் வரை விரியும்; வேறு சிலவற்றில் அவ்வளவு விரியாது. வாங்குமுன் அளந்து பார்த்தல் நன்று.

மின்சாரம்: கனடாவிலிருந்து வரும் பொறி

இங்கேதான் எங்கள் வழக்கின் முடிச்சு இருந்தது. இலங்கை வீடுகளில் ஓடுவது 230 வோல்ற்று மின்சாரம். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வீட்டுக் குதையிற் கிடைப்பது 120 வோல்ற்று. அங்கு விற்கும் மேசை வாளை இங்குள்ள குதையிற் செருகி ஆளியைப் போட்டால், மோட்டர் அளவுக்கு மீறிய வேகத்திலே சுழன்று, சில விநாடிகளிற் புகைந்து போகும். அன்போடு வாங்கிய பொருள் ஒரே நாளிற் பழைய இரும்பாகிவிடும்.

“மின்மாற்றி ஒன்று வைத்தால் ஆகாதா, மாமா?” என்றான் மருமகன். ஆகும், ஆயினும் கணக்குப் பார்க்க வேண்டும். அங்குள்ள வாள் 15 அம்பியர் வரை இழுக்கும். 120ஆற் பெருக்கினால் 1800 வாற்று. மோட்டர் புறப்படும் கணத்தில் அதனினும் பன்மடங்கு இழுக்கும் என்பதால், 3000 வோல்ற்றம்பியர் தாங்கும் மின்மாற்றியேனும் வேண்டும். அதன் விலையும் சுமையும் தனி. தூக்கிச் செல்வதற்கென்றே வாங்கும் வாளுக்குத் தூக்க முடியாத துணையொன்று எதற்கு? மேலும், அந்நாட்டு வாளின் அச்சு ⅝ அங்குலம். நம் நாட்டுக்கு வரும் 230 வோல்ற்று வாள்கள் பலவற்றில் 30 அல்லது 25.4 மில்லிமீற்றர் அச்சே இருக்கும். தகடு மழுங்கினால், துளை பொருந்தும் மாற்றுத் தகட்டுக்கும் கனடாவையே எதிர்பார்த்திருக்க நேரும்.

இதே எச்சரிக்கை பிற நாட்டுப் பழைய பொறிகளுக்கும் பொருந்தும். யப்பானிய வீடுகளில் ஓடுவது 100 வோல்ற்று. பிரித்தானியக் கட்டட வேலைத்தலங்களில் வழங்குவது 110 வோல்ற்றுக் கருவி. மலிவாகக் கிடைக்கின்றதே என்று கையிலெடுக்குமுன், பொறியின் பக்கத்தில் ஒட்டியுள்ள தகட்டை வாசித்தல் வேண்டும். அதில் 220 முதல் 240 வரையான எண் இல்லையாயின் விலகிவிடுதலே அறிவு.

இன்னொன்று, 2022ஆம் ஆண்டின் இருட்டை நாம் மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். ஆளியை அணைக்க மறந்து, தகட்டருகே கிடக்கும் துண்டை எடுக்கக் கை நீட்டுகின்றோம். அக்கணத்தில் மின்சாரம் திரும்பினால்? வாள் தானாகவே சுழலத் தொடங்கும். இதைத் தடுப்பதற்கென்றே ஓர் ஆளி உண்டு. மின்சாரம் நின்றதும் அது தானே விழுந்துவிடும்; மீண்டும் நாம் அழுத்தினாலன்றி வாள் ஓடாது. கடையிலேயே இதைச் சோதிக்கலாம். வாளை ஓடவிட்டு, சுவரிலுள்ள குதையின் ஆளியை அணைத்து, தகடு நின்றபின் மறுபடி போட வேண்டும். வாள் அசையாதிருந்தால் நன்று. உடனே ஓடுமாயின், எவ்வளவு மலிவாயினும் அது வேண்டாம்.

நீட்டிக் கம்பியிலும் கவனம் தேவை. 1800 வாற்று வாள் 230 வோல்ற்றிற் சுமார் எட்டு அம்பியர் இழுக்கும். 25 மீற்றர் நீளமான, ஒரு சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியிற் சுமார் 8 வோல்ற்று வழியிலேயே வீணாகும், 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் இழப்பு 3 வோல்ற்று அளவே. புறப்படும் கணத்தில் இவ்விழப்புப் பன்மடங்காகும். மெல்லிய கம்பியினால் மோட்டர் திணறிச் சூடாகும். சுருளாகக் கிடக்கும் கம்பியும் சூடேறுமாகையால் முழுவதையும் விரித்தே பயன்படுத்த வேண்டும். வீட்டில் ‘ட்ரிப்’ ஆளி இருக்கின்றதா, நில இணைப்புச் சரியா என்பதையும் மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பார்ப்பித்துக்கொள்ளுதல் அவசியம்.

மணலும் கடற்காற்றும்

மன்னார்த் தீவு மணலாலான நிலம். முற்றத்தில் நான்கு கால்களை ஊன்றினால் ஒரு கால் புதைந்து வாள் சரியும். கால்களின் கீழே அகன்ற பலகைத் துண்டுகளை இட்டு, மட்டம் பார்த்த பின்னரே ஆளியைத் தொட வேண்டும். பத்தடிக் கொட்டிலில் எட்டடிப் பலகையை அரிதல் இயலாது. தகட்டுக்கு முன்னே எட்டடி, பின்னே எட்டடி வெளி வேண்டும். அதனாலேயே எடுத்துச் செல்லும் வாள் இத்தகைய வீட்டுக்கு ஏற்றது. வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்து வேலை செய்து, மாலையிற் பூட்டி வைக்கலாம்.

உப்புக் காற்று இரும்பின் பகை. பெரும் பட்டறைகளிலுள்ள வார்ப்பிரும்பு மேசை, கடலிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள வீட்டில் விரைவிலே துருவேறும். சிறு வாள்களின் மேசை பெரும்பாலும் அலுமினியமாதலின் இவ்விடயத்தில் அவை மேலானவை. ஆயினும் அச்சு, பல்லுருளை, திருகாணி ஆகியவை உருக்கே. வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து, மேசைக்கு மெழுகு பூசி, துணியால் மூடிவைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் பூசினால் மரத்தூளும் மணலும் ஒட்டிப் பசையாகிவிடும். தென்மேற்குக் காற்று மணலை வாரியிறைக்கும் மாதங்களிற் காற்றுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு மறைப்புக் கட்டுதல் நன்று. மோட்டரின் காற்றுத் துளைகளுள் மணல் புகுந்தால், உள்ளேயிருக்கும் கரித்துண்டுகள் விரைவில் தேயும். தொழிலாளர் ‘காபன்’ என்று சொல்லும் அத்துண்டுகளை வெளியிலிருந்தே கழற்றி மாற்ற முடியுமா, அவை மன்னாரிலோ வவுனியாவிலோ கிடைக்குமா என்றும் கேட்டறிதல் வேண்டும்.

வழிச்சட்டம்

முதற் கோணல் முற்றுங் கோணல் என்பது மேசை வாளைக் கண்டவர் சொல்லியதோ என்று ஐயுறத் தோன்றும். பலகையின் ஓரம் சாய்ந்து செல்லும் நீண்ட சட்டம் தகட்டுக்குச் சமாந்தரமாக இராவிடில், அரிவு கோணும். சட்டத்தின் பின்முனை தகட்டை நோக்கி நெருங்கியிருக்குமாயின், பலகை இடையிலே நெருக்குண்டு திருப்பி எறியப்படும். மின்செருகியைக் கழற்றிவிட்டு, தகட்டின் முன்பல்லுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, அதே பல்லைப் பின்புறத்துக்குச் சுழற்றி மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். பல்லுருளையால் இரு முனையும் ஒருங்கே நகரும் சட்டம் சிறு வாள்களிற் சிறந்தது. முன்முனையில் மாத்திரம் இறுக்கும் மெல்லிய சட்டத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். பின்முனை ஆடுமாயின் அதை நம்பலாகாது.

விரலைக் காப்பன எவை?

பத்தங்குலத் தகடு நிமிடத்துக்கு 3650 முறை சுழலுமாயின், அதன் பல் மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது. தகட்டின் பின்புறப் பற்கள் மேல்நோக்கி எழுந்து நம்மை நோக்கி வருவன. அரிந்த பலகையின் பிளவு மூடி அப்பற்களைக் கவ்வினால், பலகை அம்புபோல் நம்மீது பாயும். அதனோடு நம் கையும் தகட்டின்மேல் இழுபடலாம். ஐக்கிய அமெரிக்காவில் மேசை வாளினாற் காயமுற்று மருத்துவமனை செல்வோர் ஆண்டொன்றுக்குச் சுமார் 30,000 பேர் என்று கணிக்கப்பட்டுள்ளது.

இதைத் தடுப்பது தகட்டின் பின்னே நிற்கும் பிளவுக்கத்தி. அது ஒரு தட்டையான உருக்குத் துண்டு. அரிவு மூடாதபடி இடையிலே நிற்கும். தகடு உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் கூடவே ஏறியிறங்கும் கத்தியே வேண்டும். அதன் தடிப்பு தகட்டின் உடலிலும் கூடியதாகவும் பல் வெட்டும் அகலத்திலும் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். மேலே ஒளிபுகும் காப்புமூடி, பலகையைத் தள்ளுவதற்கு ஒரு தள்ளுகோல், இவையும் கட்டாயம். பலர் முதல்நாளே மூடியைக் கழற்றி மூலையில் எறிந்துவிடுகின்றனர். எம் உறவினரின் விரல்களைக் காத்திருக்கக்கூடியவை இவைதாம்.

விரல் பட்டவுடன் தானே நின்றுவிடும் வாளும் உலகில் உண்டு. அமெரிக்கரான ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் அதனை அமைத்தார். தகட்டில் ஓடும் மெல்லிய மின்சைகை மனித உடலைத் தொட்டதும் மாறும்; உடனே அலுமினியத் தடையொன்று பாய்ந்து, ஆயிரத்தில் ஐந்து விநாடிக்குள் தகட்டை நிறுத்திவிடும். அருமையான சாதனம், விலையும் மிகுதி. ஒருமுறை பாய்ந்தால் தடைப்பெட்டியும் தகடும் மாற்றப்பட வேண்டும். ஈரமரம் மின்னைக் கடத்துமாதலால், புதிதாகத் தறித்த மரத்திலும் அது வீணே பாயக்கூடும். வசதியுள்ளோர், மாற்றுப் பெட்டி கைக்கெட்டும் இடத்திற் கிடைக்குமாயின், அதைக் கருதலாம். மற்றையோர் பிளவுக்கத்தியையும் மூடியையும் தள்ளுகோலையும் ஒருபோதும் பிரியாதிருப்பாராக.

தகடும் எங்கள் மரங்களும்

நெடுக்காகக் கிழிப்பதற்கு 24 பற்கள், ஒட்டுப்பலகையைச் சிராயின்றி அரிவதற்கு 60 பற்கள், இரண்டுக்கும் பொதுவாக 40 பற்கள் என்று மனத்திற் கொள்ளலாம். பல்லின் நுனியிற் காபைட்டு ஒட்டிய தகடே வாங்க வேண்டும். வன்னியிலிருந்து வரும் பாலையும் முதிரையும் வைரம் பாய்ந்தவை. பனையோ வெளிப்புறம் கருநார் செறிந்து இரும்பை ஒத்தும், உள்ளே சோறாகியும் இருக்கும். அது தகட்டை விரைவில் மழுக்கும், மெதுவாகவே தள்ளவேண்டும். உருண்டையான பனந்துண்டை மேசை வாளில் வைத்தலே ஆகாது. அடியில் ஒரு தட்டையான முகமும் பக்கத்தில் ஒரு நேரான ஓரமும் இல்லாத மரம் உருண்டு புரளும். மரக்காலையிற் பலகையாக்கிய பின்னரே அது வீட்டுக்கு வரவேண்டும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பார்த்து, “எத்தனை பலகை தேறும்?” என்று எவரும் எண்ணவேண்டாம். அதன் மரம் பஞ்சுபோன்றது. அது காக்கப்பட வேண்டிய செல்வம். பெண்பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றை அனுமதியின்றித் தறித்தலை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுக்கின்றது. பிரதேச செயலகத்திற் கேட்டறியாமற் கோடரியை எடுக்கலாகாது.

எங்கள் மண்ணுக்கே உரிய ஆபத்தொன்றும் உண்டு. 2009இல் ஓய்ந்த போரின் சன்னங்களும் குண்டுச் சிதறல்களும் வடக்கின் மரங்களுள்ளே இன்னும் புதைந்திருத்தல் கூடும். பட்டை அவற்றை மூடி வளர்ந்திருக்கும். பழைய வீட்டு வளைகளிலும் வள்ளப் பலகைகளிலும் ஆணிகள் ஒளிந்திருக்கும். காபைட்டுப் பல் அவற்றில் மோதினால் உடைந்து முகத்துக்கு நேரே பறக்கும். வலிய காந்தமொன்றை மரத்தின்மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஆயினும் ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படா. ஆழத்திலுள்ள இரும்பும் தப்பிவிடலாம். உலோகங்காட்டும் கைக்கருவி அதனினும் நம்பத்தக்கது. கண்ணாடி அணியாமல் இத்தகைய மரத்தை அரியவே கூடாது.

தூளும் உடையும்

மரத்தூளைப் புற்றுநோய்க்கு ஏதுவான பொருளென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. முதிரைத் தூள் சிலரின் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். ஆகவே முகக்கவசம் அணிதலும், தூள் வெளியேறும் குழாயிற் பையோ உறிஞ்சியோ பூட்டுதலும் வேண்டும். காதுக்கு அடைப்பானும் தேவை. சிறு வாளின் மோட்டர் பேரோசை எழுப்பும். சாரம் கட்டிக்கொண்டு வாளருகே நிற்றல் ஆகாது. தோளிற் கிடக்கும் துவாய், நீண்ட சட்டைக்கை, மோதிரம், கைக்கயிறு யாவும் விலக்கத்தக்கன. கையுறை காக்கும் என்று எண்ணுவர். சுழலும் தகடு அதைப் பற்றிக் கையையே உள்ளிழுக்கும். காலில் நல்ல சப்பாத்து இருக்கட்டும். தகட்டுக்கு நேர்பின்னே நில்லாது, சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். தகடு மாற்றும்போதும் வேலை முடிந்தபோதும் செருகியைக் கழற்றிவிட வேண்டும். வீட்டிற் சிறு பிள்ளைகள் உண்டென்பதை நினைவிற் கொள்க.

முடிவு

இரண்டாம் நாள் இரவு இவற்றையெல்லாம் பேசி முடித்தபோது மருமகனின் முகம் வாடிற்று. வாள் போய்விட்டதே என்பதனாலன்று, “அக்கா ஆசையாய் வாங்கினவ, மாமா. வேண்டாமெண்டு எப்படிச் சொல்லுறது?” என்றான். அன்பளிப்பை மறுத்தல் கடினமே. ஆனால், பயன்படாத பொருளைக் கப்பலேற்றி, வந்தபின் கொட்டிலின் மூலையிற் கிடத்துவது அவளுடைய உழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

அன்றிரவே அவனே பேசினான். 120க்கும் 230க்கும் உள்ள வேறுபாட்டை அவன் விளக்க, மறுமுனையிற் சிறிது மௌனம். பின்னர், “நான் கேட்காமல் வாங்கினது என்ரை பிழைதான். பெட்டி உடைக்கேல்லை, நாளைக்கே திருப்பிக் குடுக்கிறன்” என்றாள் அவள். தாங்க முடியாதது நிகழுமென்று அஞ்சிய விடயம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. திரும்பிய பணத்தில் ஒரு பகுதியை அனுப்புவதாகவும், நல்ல முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றை அதே பெட்டியில் வைப்பதாகவும் சொன்னாள். அவற்றுக்கு வோல்ற்று வேறுபாடு இல்லையே!

பின்பு நாங்கள் தலைமன்னார்ப் புகையிரதத்திற் கொழும்பு சென்று, குவாரி வீதியிலும் பழைய சோனகத் தெருவிலும் கடை கடையாக ஏறி இறங்கினோம். மருமகன் அளவுகோலும் கையுமாக நின்று சட்டத்தை அளந்தான். குதையின் ஆளியை அணைத்துப் போட்டுப் பார்த்தான். மூன்றாவது கடையில், 230 வோல்ற்றில் ஓடும் எட்டேகால் அங்குல வாள் ஒன்று எல்லாச் சோதனைகளிலும் தேறிற்று. பத்தங்குல வாளுக்கும் அதற்குமிருந்த விலை வேறுபாட்டில் இரண்டு நல்ல தகடுகளும் தடித்த நீட்டிக் கம்பியும் வாங்கினோம். உத்தரவாதச் சீட்டிற் கடையின் முத்திரையைப் பெற்ற பின்னரே வெளியேறினோம்.

பேசாலையில் முதல் பலகையை அரியுமுன் மருமகன் சாரத்தை மாற்றிக் காற்சட்டை அணிந்து வந்தான். மூடியும் பிளவுக்கத்தியும் தத்தம் இடத்தில் இருந்தன. பலகை நேராகப் பிளந்து இரு பக்கமும் விழுந்தது. வாசற்படியில் நின்ற என் தமக்கை ஒன்றும் பேசவில்லை. வாள் நின்றதும் மகனருகே சென்று, அவன் இரு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு, “சரி, அடுத்ததை அரி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.